சிக்கனம் எவருக்கு?

"கலைப்பீட மாணவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன பேச்சு?" என நண்பர்கள் நகைக்கக்கூடும். எஞ்சினை ஆக்குவது பொறியியலாளர் பணி என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின், அது எவர் நலனுக்காக இயங்கவேண்டும் என்பது சமூகத்தின் வினா. அவ்வினாவை எழுப்ப எவருக்கும் உரிமையுண்டு.

1980களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்கப் பாரவூர்திகளின் டீசல் எஞ்சின்களில் இலத்திரனியற் கட்டுப்பாடு இடம்பெறலாயிற்று. வேகம், சுமை, வெப்பநிலை ஆகியவற்றை உணர்ந்து, எவ்வளவு எரிபொருளை எக்கணத்தில் உருளைக்குட் செலுத்துவதென அது தீர்மானிக்கிறது. பழைய பொறிமுறைப் பம்பிக்கு இத்துணை நுட்பம் கைவராது. இதனால் எரிபொருள் மிச்சமாவது உண்மை, அதனை வரவேற்கிறோம்.

எனினும், சிக்கனம் என்ற சொல்லைக் காட்டி ஏனைய வினாக்களை வாயடைக்கும் போக்கை ஏற்பதற்கில்லை. எரிபொருளைச் சற்று முந்திச் செலுத்தினால் அதே அளவு டீசலில் கூடிய வேலை கிடைக்கும். ஆனால் தகன வெப்பம் உயர்ந்து, காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் கூடி நச்சு ஒட்சைட்டுகள் பெருகும். மிஞ்சிய பணம் உரிமையாளர் பையிலே. நஞ்சோ வீதியோரத்து மக்களின் நுரையீரலிலே!

1998 இல் ஐக்கிய அமெரிக்க அரசு கட்டர்பில்லர், கமின்ஸ், வொல்வோ உட்பட ஏழு உற்பத்தியாளர்மீது சுமத்திய குற்றச்சாட்டு இதனையே காட்டுகிறது. பரிசோதனையில் ஒழுங்காக நடந்த எஞ்சின்கள், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடுகையில் மென்பொருளின் கட்டளைப்படி மாறி, விதித்த எல்லையின் மூன்று மடங்குவரை நைதரசன் ஒட்சைட்டுகளைக் கக்கின என்பதே அது. ஏறத்தாழ 13 இலட்சம் எஞ்சின்கள்! தவறிழைக்கவில்லை என வாதிட்ட கம்பனிகள், ஈற்றில் 83.4 மில்லியன் டொலர் தண்டம் செலுத்த உடன்பட்டன.

வாங்குவோர் கேட்ட சிக்கனத்தைத்தானே கொடுத்தனர் எனச் சிலர் வாதிடலாம். சுவாசிப்போரை எவர் கேட்டனர்? ஒன்றைப் பெற மற்றொன்றை இழத்தல் தவிர்க்கவொண்ணாதது என்பாருமுளர். அதுவும் நிலைக்கவில்லை. 2010 இல் அங்கு விதி இறுகியதும், பெரும்பாலான உற்பத்தியாளர் வெளியேறும் புகையில் யூரியாக் கரைசலைத் தெளித்து நஞ்சைக் குறைத்தனர். எஞ்சினைச் சிக்கனத்துக்கேற்ப இயக்கவும் இடம் கிடைத்தது. சட்டம் வற்புறுத்தியபோது விஞ்ஞானம் வழி காட்டிற்று.

கருவி தனக்கு இடப்பட்ட கட்டளையையே நிறைவேற்றும். ஆகவே கட்டளை எழுதும் கரங்களைக் கண்காணிப்போம். ஆய்வுகூடத்தில் மட்டுமன்றி, வீதியிலும் எஞ்சினை அளக்குமாறு கோருவோம். மக்களின் மூச்சைக் கணக்கிற் சேர்க்காத சிக்கனம் சிக்கனமாகாது; அது பிறர் தலையிற் சுமத்திய கடனேயாகும்.