நீ எங்கே இருந்தாய்?



எங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகள். மூத்தவளுக்கு எட்டு வயது. கடைசிப் பிள்ளை, நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்தபோது, ஆறு மாதக் கைக்குழந்தை. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு வாரம் எவ்வாறு கழியும் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். இட்லி மாவுப் பாத்திரம் கவிழும். சட்டைப் பொத்தான் ஒருவனின் மூக்குக்குள் போய்விடும். பிரசங்கக் குறிப்பைத் திருப்பினால், பின்பக்கத்தில் தும்பிக்கை இல்லாத யானை ஒன்று நின்றுகொண்டிருக்கும். ஞாயிறு காலையில் ஒற்றைச் செருப்பு காணாமல் போகும். இரண்டு கால்களில் இரண்டு விதமான செருப்புகளோடு எங்கள் பிள்ளை ஆராதனைக்கு வந்ததை நீங்களே கண்டு புன்னகைத்திருக்கிறீர்கள்.

இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே பிரசங்க மேடையில் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் இதுவரை சொல்லவில்லை. அதை இன்று எழுதுகிறேன்.

ஓசூரின் டிசம்பர்க் குளிரை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து, ஹீட்டர் ராடைப் போட்டுக் காயவைப்பது நம்முடைய பெரும்பாலான வாடகை வீடுகளின் வழக்கம். அன்று சனிக்கிழமை. நான் குளிப்பதற்காக நானே தண்ணீர் காயவைத்தேன். சுவிட்சை அணைத்து ராடை எடுத்து மாட்டிவிட்டு, பிரசங்கத்திற்கு ஒரு குறிப்பு நினைவுக்கு வரவே, அதை எழுதிவிட்டு வரலாம் என்று முன்னறையில் போய் உட்கார்ந்தேன். வாளி தரையில் இருந்தது. குளியலறைக் கதவு திறந்திருந்தது. என் மனைவி உள்ளறையில் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று வயது மகன் தன் பிளாஸ்டிக் படகை மிதக்கவிடத் தண்ணீர் தேடிப் போனான்.

அலறல் கேட்டு ஓடினோம். வாளி சாய்ந்து கிடந்தது. அவனுடைய வலது காலில் முழங்காலுக்குக் கீழே வெந்நீர் பட்டிருந்தது. அப்பொழுது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை ஜெபமல்ல, என் மனைவியைப் பார்த்து, "நீ எங்க இருந்த?" என்று கேட்டேன்.

வாளியை வைத்தவன் நான். கதவைத் திறந்து விட்டவன் நான். பத்தடி தூரத்தில் வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனும் நான். ஆனாலும் கேள்வியை அவளிடம் கேட்டேன்.

மருத்துவமனைக்கு வந்து பார்த்தவர்கள் அன்போடுதான் வந்தார்கள். ஆனால் அவர்களில் பலர் அதே கேள்வியைக் கேட்டார்கள். "பாஸ்டரம்மா, அப்போ நீங்க எங்க இருந்தீங்க?" அவள் தலைகுனிந்து நின்றாள். என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. "ஊழியத்துக்கு எத்தனை தடை வருது பாருங்க ஐயா" என்று சிலர் என்னைத் தேற்றினார்கள். நான் அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டு மௌனமாயிருந்தேன். உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அதை நான் சொல்லவில்லை.

சில வாரங்களில் பிள்ளையின் காயம் ஆறிவிட்டது. ஓர் இளந்தழும்பு மட்டும் இருக்கிறது. சில மாதங்கள் கழித்து என் மனைவி சொன்னாள்: "வீட்டில் எந்தப் பிள்ளை அழுதாலும், முதலில் அந்தக் கேள்விதான் எனக்குக் கேட்கிறது. அதற்குப் பிறகுதான் பிள்ளையின் குரல் கேட்கிறது."

ஏதேன் தோட்டத்தில் தேவன் ஆதாமைக் கூப்பிட்டு, அவன் இருக்குமிடத்தைக் கேட்டார். கேள்வி அவனைப் பெயர்சொல்லித் தேடி வந்தது. அவனோ தன் அருகில் நின்ற பெண்ணைச் சுட்டிக்காட்டினான். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகே அது என் வீட்டுக் குளியலறை வாசலிலும் நடக்கக்கூடும் என்று விளங்கியது.

பிரியமானவர்களே, இது ஒரு வீட்டின் கதையன்று. நம் ஊர் எப்படி உண்டானது என்பதை எண்ணிப்பாருங்கள். 1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. வாகனத் தொழிற்சாலைகளும் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் வந்தன. இன்று மின்னணுத் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருந்திரளாக வேலை செய்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்தும் வேலூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பிழைப்பைத் தேடி வந்தவர்கள் நாம். வேலையைக் கொண்டுவந்தோம், விசுவாசத்தைக் கொண்டுவந்தோம். பாட்டியையும் அத்தையையும் சித்தியையும் ஊரிலேயே விட்டுவந்தோம். ஒரு காலத்தில் ஐந்தாறு பெண்கள் மாறி மாறி இடுப்பில் தூக்கிய பிள்ளையை, இப்போது இரண்டு அறை வாடகை வீட்டில் ஒருத்தி தனியாகத் தூக்குகிறாள். கணவன் இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் உறங்குவான். "சத்தம் போடாதீங்க" என்று பிள்ளைகளை அடக்குவதும் அவள் வேலை. அல்லது அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பெங்களூருக்கு விடியற்காலையில் பஸ் ஏறி, பிள்ளைகள் உறங்கியபின் வீடு திரும்புவான். அவளும் ஷிப்டுக்குப் போகிறவளானால், கம்பெனி பஸ் வருமுன் செய்து முடிக்க வேண்டியவற்றை நான் பட்டியலிடவும் துணியேன்.

2017-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் வேலை செய்யும் தாய்க்கு 26 வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை அளித்தது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. அதே சட்டம், ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ள தாய்க்கு 12 வாரம் மட்டுமே வைத்தது. யாருடைய கையில் சுமை அதிகமோ, அவளுக்கு நாட்கள் குறைவு. இதே கணக்கை நாமும் சபைக்குள் போடுகிறோம். மூன்றாம் பிள்ளை பிறந்தவுடன் போய் 127-ஆம் சங்கீதத்தை வாசித்து வாழ்த்துகிறோம். அந்தப் பிள்ளை ஆராதனையில் அழுதால் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கிறோம்.

வேதாகமம் இத்தகைய விபத்துகளை எவ்வாறு சொல்லுகிறது என்று கவனியுங்கள். யோனத்தானின் மகன் மேவிபோசேத்துக்கு ஐந்து வயது. யுத்தச் செய்தி கேட்டுத் தாதி அவனைத் தூக்கிக்கொண்டு அவசரமாக ஓடினாள். அவன் விழுந்து இரு கால்களும் முடமானான். 2 சாமுவேல் நான்காம் அதிகாரம் இதை ஒரே வசனத்தில் சொல்லிவிடுகிறது. தாதியின்மேல் ஒரு குற்றச்சொல்லும் இல்லை. அவள் ஓடியதன் காரணம் மட்டும் இருக்கிறது. பிற்காலத்தில் தாவீது அவனை வரவழைத்தபோது, அவனைத் தவறவிட்டது யார் என்று விசாரிக்கவில்லை. தன் பந்தியில் அவனுக்கு இடம் கொடுத்தான். துரோவாவில் ஐத்திகு என்னும் வாலிபன் பவுலின் நீண்ட பிரசங்கத்தின்போது தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். தூங்கியதற்காக அவனைக் கடிந்துகொள்ளாமல் பவுல் இறங்கிப்போய் அணைத்துக்கொண்டான். நீண்ட பிரசங்கம் செய்யும் எங்களுக்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

பரிசுத்த குடும்பத்திற்கும் இது நேர்ந்தது. பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்டதை அறியாமல், உறவினரோடு வருகிறார் என்று எண்ணி, மரியாளும் யோசேப்பும் ஒருநாள் தூரம் நடந்துவிட்டார்கள். லூக்கா இதை மறைக்கவில்லை. மூன்று நாளுக்குப் பின் கண்டபோது மரியாள் பேசிய வார்த்தைகளை இன்று வீட்டில் வாசித்துப் பாருங்கள். தகப்பனும் தானும் சேர்ந்து தேடியதாக அவள் சொல்லுகிறாள். யோசேப்பு ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "நீ போய்த் தேடு" என்று அவளை அனுப்பவில்லை.

சபை வரலாற்றிலும் ஓர் இரவு உண்டு. இங்கிலாந்தின் எப்வொர்த் ஊரில் சாமுவேல் வெஸ்லி போதகராயிருந்தார். அவர் மனைவி சூசன்னா பெற்றவர்கள் பத்தொன்பது பேர். அவர்களில் பத்துப் பேரே பிழைத்து வளர்ந்தார்கள். 1709 பிப்ரவரியில் ஓர் இரவு போதகர் வீடு தீப்பற்றியது. தாதி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மற்றப் பிள்ளைகளைப் பின்தொடரச் சொல்லி ஓடினாள். ஐந்து வயது ஜான் மாடியில் உறங்கிக்கொண்டிருந்தது வெளியே வந்தபின்தான் தெரிந்தது. தகப்பனால் எரியும் படிக்கட்டில் ஏற முடியவில்லை. அயலார் ஒருவர் தோளின்மேல் மற்றொருவர் ஏறி நின்று, ஜன்னல் வழியாகப் பிள்ளையை வெளியே இழுத்தார். சற்றைக்கெல்லாம் கூரை இடிந்து விழுந்தது. மெதடிஸ்டு எழுப்புதலின் தலைவரான ஜான் வெஸ்லி அன்று பிழைத்தது அப்படித்தான். அவன் எப்படி மறக்கப்பட்டான் என்று விசாரித்துக்கொண்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவசரத்தில் தேவைப்பட்டது ஒரு தோள்.

எங்களுக்கும் ஒரு தோள் கிடைத்தது. பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் ஓர் அம்மா இருக்கிறார். எங்கள் பிள்ளைகள் அவரை அவ்வா என்று அழைப்பார்கள். அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். அலறல் கேட்டு வந்தவர், குழாயைத் திறந்து பிள்ளையின் காலைத் தண்ணீரில் பிடித்தார். பற்பசையைத் தேடி ஓடிய என்னைத் தடுத்தார். பிறகு, "நீங்க போங்க, மத்த பசங்களை நான் பாக்கறேன்" என்று மூத்த இருவரையும் அழைத்துச் சென்றார். அன்றிரவு அவர்கள் அவர் வீட்டில் ராகிக் களி சாப்பிட்டு உறங்கினார்கள். எங்களை ஒரு கேள்வியும் கேட்காதவர் அவர் ஒருவரே.

"அப்படியானால் கவனக்குறைவைக் கண்டிக்கவே கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். அடுத்த முறை நேராமலிருக்க எதை மாற்றுவது என்று அமைதியாக உட்கார்ந்து பேசுவது அவசியம். ஆனால் வலியில் நிற்பவள்மேல் எறியப்படும் கேள்வி எதையும் மாற்றாது. அது மற்றொரு தீமையையும் செய்கிறது. பழிக்கு அஞ்சுகிற தாய் அடுத்த விபத்தை மறைப்பாள். பிள்ளை பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலும், ஒருவருக்கும் சொல்லாமல் காத்திருப்பாள். அந்தப் பேட்டரியோ சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். நம் பழிச்சொல் பிள்ளையின் உயிரோடு விளையாடுகிறது.

ஆகையால் சில காரியங்களைச் சபையாகச் செய்வோம் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.

தகப்பன்மார்களே, இந்த வாரம் உங்கள் வீட்டை நீங்களே சுற்றிப் பாருங்கள். தண்ணீர் சம்பின் மூடியைப் பிள்ளை தூக்க முடியாதபடி பூட்டுங்கள். நீர் நிரம்பிய வாளியைத் தரையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பினாயிலையும் மண்ணெண்ணெயையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். ஹீட்டர் ராடு போட்டிருக்கும்போது குளியலறைக் கதவைத் தாழிட்டு, தண்ணீர் காய்ந்து அதை விளாவி முடிக்கும்வரை அருகிலேயே நில்லுங்கள்.

சுடுநீரோ நெருப்போ பட்டுவிட்டால், இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மஞ்சள், மை, ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குச் செல்லுங்கள், 108-ஐ அழையுங்கள்.

சபையின் மூத்த தாய்மார்களே, ஊரில் விட்டுவந்த பாட்டியின் இடம் காலியாக இருக்கிறது. ஆராதனை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முறை வைத்துக்கொள்ளலாமா? ஒரு வீட்டில் ஒரு பிள்ளை மருத்துவமனைக்குப் போனால், மற்றப் பிள்ளைகளை அழைத்துச் சென்று சோறிட இரண்டு குடும்பங்கள் எப்போதும் ஆயத்தமாயிருக்கலாமா? முதல் குடும்பமாக எங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த வாளியைப் பற்றிச் சபைக்கு எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன். அவள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "குழந்தையைக் கொஞ்சம் பிடியுங்கள், அடுப்பில் பால் இருக்கிறது" என்றாள். பிடித்துக்கொண்டேன்.

அன்புள்ள பிதாவே, விழுகிற பிள்ளைகளையும் சோர்ந்துபோகிற தாய்மார்களையும் நீர் காண்கிறீர். எங்களை நீர் தேடி வந்து கேட்கும்போது, அடுத்தவரைச் சுட்டிக்காட்டாமல் உண்மையைச் சொல்லும் தைரியத்தைத் தாரும். நேரத்தில் கொடுக்கத்தக்க தோள்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.