வென்றவன் படும் பாடு

வழக்கில் தோற்றவன் அழுவான் என்பது ஊரறிந்த செய்தி. நம் நாட்டுச் சிவில் நீதிமன்றங்களிலோ வென்றவனும் சேர்ந்து அழுகிறான். இந்திய வழக்காடியின் தொல்லைகள் டிக்ரி பெற்ற பிறகே தொடங்குகின்றன என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872இலேயே சொல்லிவிட்டது. வெள்ளையன் போனான், தொல்லை போகவில்லை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒருமுறை சென்று பாருங்கள். ஏரிப் பாய்ச்சலில் நெல் விளைந்த பூமியில் இன்று கார்கள் விளைகின்றன. ஆலைகள் வரட்டும், நாம் தடுக்கவில்லை. நிலம் கொடுத்தவனின் கணக்கு தீர்ந்ததா என்றே கேட்கிறோம். தொழிலுக்கென நிலம் எடுக்கத் தமிழக அரசு 1997இல் தனிச்சட்டமே இயற்றிக்கொண்டது. அச்சட்டத்தின் வழி பின்னாளில் நடந்த நில எடுப்புகள் செல்லா என்று 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு கலங்கியதா? அதே ஆண்டில் இன்னொரு சட்டம் இயற்றி, செத்ததற்கு உயிர் கொடுத்தது. 2021இல் உச்சநீதிமன்றமும் அதற்கு இசைந்தது. தோற்ற அரசுக்கு இத்தனை விரைவில் மருந்து கிடைக்கிறது. வென்ற உழவனுக்கு?

விலை போதாதென்று அவன் நீதிமன்றம் ஏறுகிறான். கூடுதல் இழப்பீடும் பெறுகிறான். ஆனால் தீர்ப்பு வேறு, டிக்ரி வேறு. தீர்ப்பு நீதிபதி காரணங்காட்டி உரைப்பது. டிக்ரி யாருக்கு என்ன சேரவேண்டும் என்று வரையப்படும் தாள். தீர்ப்புரைத்த 15 நாட்களுக்குள் அதனை வரைந்தாக வேண்டும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டம். தாள் வந்தாலும் பணம் வாராது. நிறைவேற்று மனு என்று மறுபடியும் படியேற வேண்டும். கடனாளி அரசாங்கமானால், டிக்ரி நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்த பின்னரே நடவடிக்கை தொடங்கும். பிறகு ஆட்சேபம், மேல்முறையீடு, இடைக்காலத் தடை, வாய்தா! கடைசியில் ஒருநாள் அமீனா ஜப்தி உத்தரவுடன் கலெக்டர் அலுவலகம் சென்று நாற்காலி மேசைகளை எண்ணுவார். அதிகாரிகள் அவகாசம் கேட்பார்கள். நாற்காலிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். அமீன் என்றால் நம்பிக்கைக்குரியவர், வாய்தா என்றால் வாக்குறுதி. அரபி மூலம் நீதிமன்றத் தமிழுக்கு வந்த இவ்விரு சொற்களும் இங்கு அடைந்த கதியை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, சினமும் வருகிறது.

நீதிபதிகள் போதவில்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் அது பாதி உண்மை. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்கவேண்டும் என்று 2021இல் உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது. தமிழகத்து நில வழக்கொன்றில் 2025 மார்ச்சில் அதையே திரும்பச் சொல்ல நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் கணக்குப் பார்த்தபோது நாடெங்கும் எட்டே முக்கால் லட்சத்துக்கும் மேல் தேங்கிக் கிடந்தன. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நம் தமிழகத்துக்கு: ஏறத்தாழ 86,000!

கோளாறு அமைப்பிலேயே இருக்கிறது. வென்றவன் பன்னிரண்டு ஆண்டு வாளாவிருந்தால் பண டிக்ரி காலாவதியாகிறது. தோற்றவன் இழுத்தடிக்க வரம்பில்லை. கொடுக்க வழியற்ற ஏழைக் கடனாளியைச் சிறைக்கு அனுப்பலாகாது என்று 1980இல் நீதியரசர் கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். அதை வரவேற்கிறோம். ஆனால் அரசு ஏழையா? 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, நீதிமன்றம் உயர்த்திய இழப்பீட்டைச் செலுத்த ஓராண்டுக்கு மேல் தாமதித்தால் 15 விழுக்காடு வட்டி ஏறும். அந்த வட்டி எந்த அதிகாரியின் சம்பளத்திலிருந்து போகிறது? நிலம் இழந்தவனும் வரி கட்டும் கருவூலத்திலிருந்தல்லவா!

டிக்ரி தந்த நீதிமன்றமே, எவரும் மனுப் போடாமல், நான்காம் மாதம் கலெக்டரை அழைத்துக் கணக்குக் கேட்கட்டும். எந்தக் கிராமத்தில், எந்த வழக்கில், எவ்வளவு பாக்கி என்ற பட்டியலை ஆண்டுதோறும் தாலுகா அலுவலக வாசலில் ஒட்டட்டும். பழைய கிராமங்களின் பாக்கி தீரும்வரை புதிய நில எடுப்பு அறிவிப்பு எதுவும் வெளிவரலாகாது.