காபிக்கடைக்குக் கேஸ்தான் பாரம்



கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் சின்னதாக ஒரு காபிக்கடை போட நினைப்பவருக்கு வியாபாரம் பற்றிக் கவலையில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவரும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரும் ஒரே சமயத்தில் கிளாஸுக்குக் கை நீட்டுவார்கள். அந்த அரை மணி நேரத்தில் டிகாக்ஷன் தீர்ந்தால் அன்றைய லாபம் போச்சு.

இடிப்பது முதலீட்டில்தான். பித்தளை பில்டரைப் பழைய பாத்திரக் கடையில் பிடித்துவிடலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் ‘பில்டர் காபி’ என்று போர்டு மாட்டிவிட்டு அதைச் செய்ய எனக்கு மனசு வராது.

கழுத்தைப் பிடிப்பவை கடை அட்வான்ஸும் கேஸும். வீட்டு சிலிண்டருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 19 கிலோ வணிக சிலிண்டருக்கு 18. நட்சத்திர ஓட்டலுக்கும் தள்ளுவண்டிக்கும் ஒரே வரி! பெரிய நட்சத்திர ஓட்டலுக்காவது அதைத் தான் கட்டும் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ள வழியுண்டு, பெட்டிக்கடைக்காரருக்கு அதுவும் கிடையாது. தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் 10,000 ரூபாயிலிருந்து 15,000 ஆகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அடுப்பு, சிலிண்டர் டெபாசிட், முதல் வாரப் பால் என்று போட்டாலே அது கரைந்துவிடும்.

சிறு கடைகளுக்கான சிலிண்டர் வரியை 5 சதவீதமாக்க வேண்டும். சிப்காட் நிர்வாகமும் வளாகத்துக்குள் தண்ணீர், மின் இணைப்போடு சில கடைகளை அட்வான்ஸ் இல்லாமல் குறைந்த வாடகைக்கு, உள்ளூர் மகளிர் குழுக்களுக்கு முன்னுரிமை தந்து, விடலாமே?

- வாசகர், கவரைப்பேட்டை