பாடத்துக்குப் புறம்பானவை எவை?

எமது மாணாக்கருட் சிலர் இன்று பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கின்றனர். பாடத்துக்குப் புறம்பாக ஆற்றிய செயல்கள் யாவை என்று படிவம் வினவுமிடத்திற் பலர் மயங்கி நிற்கின்றனர். துடுப்பாட்ட அணியில் இடம்பெறாதவனும், மாணவ முதல்வனாகாதவனும், விவாத மேடை ஏறாதவனும் தமக்கு எழுத ஒன்றுமில்லை என எண்ணி அவ்விடத்தை வெறுமையாக விடுகின்றனர். இம்மயக்கத்தைப் போக்குதல் எமது கடனாகும்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் வழி வேறு. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறே ஆங்கு அனுமதிக்கு அடிப்படை. 2001 ஆம் ஆண்டு முதல் அது இசட் புள்ளியாகக் கணிக்கப்படுகின்றது. தேசிய, சர்வதேச மட்டங்களில் விளையாட்டு, கலை முதலியவற்றிற் சிறந்தோர்க்குச் சிறு ஒதுக்கீடு உண்டு. அதற்குப் பதக்கமும் சான்றிதழும் இன்றியமையாதவை.

அமெரிக்கக் கல்லூரிகள் பல ஏற்கும் ‘கொமன் அப்ளிகேசன்’ என்னும் பொதுப் படிவமோ 10 செயல்கள் வரை எழுத இடமளிக்கின்றது. ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் எத்தனை மணி நேரம், ஆண்டில் எத்தனை வாரம் செலவிட்டாய் என்றுங் கேட்கின்றது. அது வகுத்துள்ள பிரிவுகளுள் விளையாட்டு, சங்கீதம் என்பவற்றோடு ஊதியம் பெறும் தொழிலும் குடும்பப் பொறுப்பும் இடம்பெற்றுள்ளன. 2016 ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தினின்று வெளிவந்த அறிக்கையொன்றும், நீண்ட பட்டியலை விடுத்து, ஆழ்ந்த ஈடுபாட்டையும் குடும்பத்துக்கு ஆற்றும் துணையையும் மதிக்குமாறு வலியுறுத்தியது.

ஆகவே, விடியுமுன் தந்தையாரோடு வெங்காயத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிவிட்டு முதல் மணிக்கு வகுப்பில் அமரும் மாணவன் வெறுங்கையன் அல்லன். நோயுற்ற பாட்டியாரைப் பேணுபவனும், மாலையிற் கடையிற் கணக்கெழுதுபவனும், தம்பி தங்கையர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுப்பவனும் அத்தகையோரே. ஒரு நாட் கருத்தரங்குகளில் அமர்ந்து பெற்ற பத்துச் சான்றிதழ்கள், மூன்றாண்டு சுமந்த ஒரு பொறுப்புக்கு ஈடாகமாட்டா. சான்றிதழ் சேர்ப்பதற்காகப் பிள்ளைகளை ஊர்தோறும் அழைத்துச் செல்லும் பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக.

சான்றிதழ் இல்லாதவற்றை நம்புவதெங்ஙனம் எனச் சிலர் வினவலாம். மாணவனை நாடோறும் காணும் வகுப்பாசிரியர் அறியாததொன்றில்லை. அவர் கேட்டறிந்து ஆண்டுதோறும் குறித்து வைப்பாராயின், கல்லூரி வழங்கும் விடுகைப் பத்திரத்திலும் பரிந்துரைக் கடிதத்திலும் அவற்றை உண்மையோடு எழுதலாம். பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர் அப்படிவங்களை நன்கறிவர். அவர்கள் இளையோர்க்கு வழிகாட்டுதல் வேண்டும்.

மற்றொன்றும் கூறுவோம். எமது பரிசளிப்பு விழா மேடைகளுக்கு இத்தகைய மாணவரை நாம் பெரிதும் அழைத்ததில்லை. கடல் கடந்தோர் மதிக்கும் பொறுப்பினை, அப்பொறுப்பு விளைந்த மண்ணிலுள்ள நாம் மதியாதிருத்தல் முறையாகுமோ? இவ்விழா ஆண்டிலேயே அக்குறையை நீக்க முற்படுவோமாக. அதற்குத் திருவருள் துணைநிற்பதாக.