அக்கியின் எழுத்து

பாட்டிக்கு இடுப்பில் ஒரு பக்கமாகக் கொப்புளம் கிளம்பி நெருப்பாய் எரிந்தால், "அக்கி! குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம் அல்லவா? அது தோலின்மேல் எழுதும் எழுத்து. அக்கியின் உள்ளேயே ஓர் எழுத்து இருக்கிறது. அதை முழுக்கப் படித்தும் விட்டார்கள் என்றால் நம்புவீர்களா?

அக்கி புதிதாக வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வதில்லை. சிறு வயதில் கண்ட சின்னம்மையின் வைரஸ்தான் அது. தலைக்குத் தண்ணீர் விட்டதும் அம்மை போய்விட்டதென்று நாம் நிம்மதி அடைகிறோம். அதுவோ நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்கிறது! பல வருஷம் கழித்துத் தேகத்தின் எதிர்ப்புச் சக்தி தளரும்போது, ஏதேனும் ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. கொப்புளங்கள் ஒரே பக்கமாகப் பட்டை போட்டாற்போல் இருப்பது அதனால்தான். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்னும் ஊரில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் ஹோப்-சிம்ப்ஸன், தம் நோயாளிகளைப் பல வருஷம் கவனித்து 1965-ல் இதை விளக்கி எழுதினார்.

இந்த வைரஸ் ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. உதட்டோரத்தில் கிளம்புகிறதே கொப்புளம், அதன் வைரஸ் இதற்குப் பங்காளி! 1986-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டேவிசன், ஸ்காட் என்ற இரு விஞ்ஞானிகள் சின்னம்மை வைரஸின் மரபு எழுத்துக்களை முதலிலிருந்து கடைசிவரை படித்து வெளியிட்டார்கள். நாலே எழுத்துக்கள்தான் மாறி மாறி வருகின்றன. மொத்தம் 1,24,884! மனிதருக்கோ சுமார் 300 கோடி. அந்தச் சிறிய ஏட்டில் ஏறக்குறைய 70 ஜீன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

ஒரு ஜீனின் வேலை ஒரு நொதியைச் செய்வது. அஸைக்ளோவிர் என்ற மருந்து உடலுக்குள் சாதுவாகத்தான் போகிறது. அதைத் தட்டி எழுப்பி முடுக்கிவிடுவது வைரஸின் அந்த நொதியே! தன் குடியைத் தானே கெடுத்துக்கொள்கிறது, பார்த்தீர்களா? அதனால்தான் மருந்து வைரஸ் புகுந்த அணுக்களில் மட்டும் மும்முரமாக வேலை செய்கிறது. இம்மருந்தை உருவாக்கிய குழுவை நடத்திய ஜெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்கப் பெண்மணி, முறைப்படி படித்து டாக்டர் பட்டம் வாங்காதவர். 1988-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

68-வது ஜீன் வைரஸின் மேலுறையில் உள்ள ஒரு புரதத்தைச் செய்கிறது. அந்தப் புரதத்தை மட்டும் தனியே தயாரித்து, 50 வயது கடந்தவர்களுக்கு ஒரு தடுப்பூசி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2017-ல் அதற்கு அனுமதி கிடைத்தது.

சரி, வீட்டில் யாருக்காவது அக்கி கண்டால்? காவி தோலுக்குக் குளிர்ச்சியாக இருக்கலாம்; நரம்பில் இருக்கும் வைரஸை அது எட்டாது. கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்குவது நல்லது. நெற்றியிலோ கண்ணருகிலோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பார்வைக்கே ஆபத்து வரலாம். சின்னம்மை காணாத குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கொப்புளம் காயும் வரை சற்று ஒதுங்கி இருக்கட்டும். அவர்களுக்குச் சின்னம்மை தொற்றக்கூடும்.

கொப்புளம் ஆறிய பிறகும் சிலருக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, வலி மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. ஆகையால், "எனக்கென்ன, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பாட்டி சொன்னால் கேட்காதீர்கள். இன்றைக்கே அழைத்துப் போங்கள்!