நான் சொல்றபடி செய்!

லினக்ஸில் ஒரு சாஃப்ட்வேர் போடுவது நம் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆள் அழைப்பது மாதிரி. சித்தப்பாவைக் கூப்பிட்டால் சித்தி வருவாள். சித்தியோடு அவள் தங்கை. தங்கைக்கு ரூம் போடப் போனால், அங்கே ஏற்கெனவே பெரியப்பா. அவருக்கும் சித்தப்பாவுக்கும் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது! இதைத்தான் விஷயம் தெரிந்தவர்கள் 'டிபென்டென்சி', 'கான்ஃப்ளிக்ட்' என்று கௌரவமாகச் சொல்கிறார்கள்.

டெபியன், உபுண்டு வீடுகளில் இதையெல்லாம் சமாளிக்கிற மாமாவின் பெயர் ஆப்ட். யாருக்கு யார் வேண்டும், எந்த வெர்ஷன் வேண்டும், யாரோடு ஆகாது எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். யாரையாவது வெளியே அனுப்ப வேண்டியிருந்தால், முதலிலேயே பட்டியல் போட்டுக் காட்டி, "சரிதானே?" என்று கேட்பார். நாம் படிப்போமா? பாங்க் லோன் பேப்பரில் கையெழுத்துப் போடுகிற அதே வேகத்தில் 'ஒய்' தட்டுவோம்.

2021 நவம்பரில் இது உலகப் பிரசித்தமானது. கனடாவின் யூட்யூப் பிரபலம் லைனஸ் செபாஸ்டியன் (லினக்ஸைத் தந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் வேறு), பாப் ஓ.எஸ். என்ற லினக்ஸில் 'ஸ்டீம்' போடப் போனார். வெர்ஷன் ஒத்துப்போகவில்லை. 'இதைப் போட்டால் டெஸ்க்டாப்பையே எடுக்க வேண்டும். நிச்சயமாகத் தெரியுமா? அப்படியானால் "எஸ், டூ ஆஸ் ஐ சே!" என்று டைப் அடி' என்றது ஆப்ட். அடித்தார். சொன்னபடி செய்தது. மிச்சம், கறுப்புத் திரை! அதே மாதம் ஆப்டைத் திருத்தி, அந்த மந்திரத்தைச் செல்லாக்காசாக்கிவிட்டார்கள்.

சமீபத்தில் நண்பர் ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்தார். "சார், லிப்ரே ஆபீஸைக் காணோம்! காலையில 38 பேருக்கு சம்பளப் பட்டியல் அனுப்பணும்!"

விசாரித்ததில், டெபியன் ஸ்டேபிள் வைத்திருந்தவர், புது வெர்ஷன் ஆசையில் யாரோ சொன்னதைக் கேட்டு 'சிட்' வரியைச் சேர்த்திருக்கிறார். டெபியன் வெளியீடுகளுக்கு 'டாய் ஸ்டோரி' படத்துப் பாத்திரங்களின் பெயர்தான் வைப்பார்கள். சிட் யார் தெரியுமோ? பொம்மைகளை உடைக்கிற பக்கத்து வீட்டுப் பையன்!

"பதறாதீங்க. பாக்கேஜ்தான் போச்சு. உங்க ஃபைல் ஹோம் டைரக்டரியில அப்படியே இருக்கும்" என்றேன். பாதி உயிர் வந்தது.

பி.காம். படித்தவனுக்கு அடுத்த வேலை சுலபம். ஆப்ட் ஒழுங்காக டே-புக் எழுதுகிறது. 'ஹிஸ்டரி டாட் லாக்' என்று பெயர். எது வந்தது, எது போனது, எத்தனை மணிக்கு... எல்லாம் இருக்கும். அதில் சிட்டிலிருந்து வந்த ஏழு லைப்ரரிகள் அகப்பட்டன. சிட் வரியை நீக்கி, 'ஆப்ட் அப்டேட்' கொடுத்து, 'ஆப்ட் பாலிசி'யில் பழைய வெர்ஷன் நம்பர்களைப் பார்த்து, அவற்றையே கேட்டு வாங்கினோம். அதற்கு முன் 'மைனஸ் எஸ்' போட்டு ஒத்திகை. அது எதையும் தொடாமல், என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும்.

இப்படிப் பின்னால் போவதற்கு டெபியன் உத்தரவாதம் தருவதில்லை. நல்லவேளை, எல்லாவற்றுக்கும் அஸ்திவாரமான சி லைப்ரரி மாறவில்லை. மாறியிருந்தால் ஃபைலைக் காப்பி எடுத்துக்கொண்டு முழு இன்ஸ்டால்தான். பதினொன்றரைக்கு லிப்ரே ஆபீஸ் திறந்தது. 38 பேருக்கும் ஒன்றாம் தேதி ஒன்றாம் தேதியாகவே இருந்தது.

ஆகவே இளைஞர்களே, 'ரிமூவ்' என்று பட்டியல் வந்தால், கையை எடுத்துவிட்டுக் கண்ணை வையுங்கள். சில பாக்கேஜ்கள் 'நிறுத்தி வைக்கப்பட்டன' என்று வந்தால் அது பழுதல்ல, பொறுமை. ஓரிரு நாளில் பெரும்பாலும் தானே சரியாகும்.

ஆப்டிடம் உதவி கேட்டால் கடைசி வரியில் தனக்கு 'சூப்பர் பசு சக்தி' உண்டு என்று சொல்லும். 'ஆப்ட் மூ' அடித்தால் ஒரு பசுவையே வரைந்து காட்டும். சாதுப் பசுதான். ஆனால், சாது மிரண்டால்...