விதையில் கட்டி... வெட்கப்பட்டு மறைக்கும் வாலிபர்கள்! குணமாகிற புற்றுநோயை முற்ற விடலாமா?

2011-ம் ஆண்டு மார்ச் 20-ந்தேதி. சென்னை சேப்பாக்கம் மைதானம். உலகக் கோப்பை ஆட்டத்தில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக யுவராஜ்சிங் 113 ரன் குவித்தார். நடுவில் மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். டி.வி. பார்த்தவங்க எல்லாம் மெட்ராஸ் வெயில் படுத்துதுன்னு நினைத்தார்கள்.

பல மாதம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு நுரையீரலுக்கும் நடுவே புற்றுநோய்க் கட்டி! அமெரிக்காவில் உள்ள இண்டியானாபோலிஸ் நகரில் கீமோதெரபி செய்துகொண்டார். 2012 செப்டம்பர் 11-ந்தேதி அதே சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராக மறுபடி பேட் பிடித்தார். 34 ரன். ஒரு ரன்னில் இந்தியா தோற்றது, அது வேற கதை.

யுவராஜுக்கு வந்த கட்டிக்குப் பெயர் செமினோமா. இது பெரும்பாலும் வருவது ஆண்களின் விதையில்தான். எப்போதாவதுதான் நெஞ்சில் வரும். எங்கே வந்தாலும் மருந்து கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நெஞ்சில் கட்டி என்றால் ஊருக்கே சொல்லலாம். விதையில் கட்டி என்றால் யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொல்ல முடியாது. பொண்டாட்டியிடம் சொல்லக் கூச்சம். கூட்டாளியிடம் சொன்னால் கிண்டல். இந்த இடத்தில்தான் நம்ம பசங்க கோட்டை விடுகிறார்கள்.

வலிக்காது... அதுதான் ஆபத்து!

கிழவர்களுக்கு வரும் நோய் இது என்று நினைக்காதீர்கள். 15 முதல் 40 வயது வரை உள்ளவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. சம்பாதிக்கிற வயசு, கல்யாண வயசு.

முதலில் பட்டாணி சைசில் கல்லு மாதிரி ஒரு கட்டி. இல்லாவிட்டால் ஒரு விதை மட்டும் பெரிசாகி கனக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. வலி இல்லாததால் ‘உடம்பு சூடு’ என்று விளக்கெண்ணெய் தடவுவார்கள். ‘ஓதம் இறங்கியிருக்கு’ என்பார்கள். சிலர் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்ப்பவரிடம் போய் லேகியம் வாங்குவார்கள். (அந்த விளம்பரம் நம்ம மாதிரி பேப்பர்களிலும் வரத்தான் செய்கிறது. என்ன சொல்ல!) லேகியம் தீர்வதற்குள் கட்டி வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் பரவிவிடும்.

எல்லா வீக்கமும் புற்றுநோய் கிடையாது. நீர் கோத்த விரைவீக்கம்தான் நம்ம பக்கம் அதிகம். ஆனால் கட்டியைச் சுற்றியும் நீர் கோக்கலாம். அதனால் நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

மாதம் ஒரு தடவை வெந்நீரில் குளித்ததும் விரலால் மெதுவாக உருட்டிப் பார்த்தால் போதும். ஒன்று கொஞ்சம் கீழே தொங்குவது சகஜம். பின்பக்கம் மெத்தென்று நரம்பு மாதிரி இருப்பதும் சகஜம். விதையிலேயே கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால்தான் ஓட வேண்டும்.

பெத்தவங்களுக்கு ஒரு விஷயம். பிறந்தபோதே ஒரு விதை பைக்குள் இறங்காத பையன்களுக்குப் பின்னாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஒரு வயதை ஒட்டி ஆபரேஷன் செய்து இறக்கிவிட வேண்டும். ‘தானா இறங்கும்’ என்று பள்ளிக்கூடம் போகிற வரை விடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் பார்ப்பதில் ஒன்று, கர்ப்பத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் அதே ஹார்மோன்! இந்தக் கட்டிகளில் சில அதைச் சுரக்கும். விரைப்பையில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பது வழக்கம் இல்லை. நோய் பரவ வழி விடும். தொடை இடுக்கு வழியாகத் திறந்து, அந்த ஒரு விதையை முழுசாக எடுத்துவிடுவார்கள்.

‘எடுத்துட்டா ஆம்பளையா இருக்க முடியுமா?’ எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். மிச்சம் இருக்கிற ஒன்று நல்லா இருந்தால் போதும். தாம்பத்தியம், மீசை, குழந்தை எதற்கும் பொதுவாகக் குறைவு வராது. பார்வைக்கு வித்தியாசம் தெரியக் கூடாது என்றால் செயற்கை விதையும் வைக்கலாம்.

விதைக்குள்ளேயே நோய் நின்றிருந்தால் பலருக்கு அந்த ஆபரேஷனோடு சரி. அப்புறம் கண்காணிப்பு. சிலருக்கு மட்டும் தற்காப்புக்கு ஒரு டோஸ் மருந்து. பரவியிருந்தால் மூன்று அல்லது நான்கு சுற்று கீமோ, ஒவ்வொன்றும் 21 நாள் கணக்கு. செமினோமாவுக்குக் கரண்ட் வைப்பதும் உண்டு. கீமோவுக்குப் பிறகும் வயிற்றில் கட்டி மிச்சம் இருந்தால் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம்.

இந்தக் கீமோவில் முக்கியமான மருந்து சிஸ்பிளாட்டின். 1974-ல் இண்டியானா பல்கலைக்கழக டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் இதை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். அதற்கு முன்பு நோய் பரவியவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. இப்போது எல்லாக் கட்டத்தையும் சேர்த்தே 100 பேரில் சுமார் 95 பேர் பிழைக்கிறார்கள். யுவராஜுக்கு வைத்தியம் பார்த்தவரும் இதே ஐன்ஹார்ன்தான். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1996-ல் அங்கே போனபோது நுரையீரல், மூளை வரை நோய் பரவியிருந்தது. அவரும் பிழைத்தார். (ஊக்க மருந்து விவகாரத்தில் பட்டம் பறிபோனது அதற்கெல்லாம் அப்புறம்.)

கீமோ என்றால் முடி கொட்டும், வாந்தி வரும். சிலருக்குக் காது மந்தமாகும், கை கால் மரத்துப்போகும். குழந்தை பாக்கியமும் பாதிக்கலாம். அதனால் கீமோவுக்கு முன்பே விந்தணுவை எடுத்து உறைய வைக்க முடியுமா என்று கேளுங்கள். கூட்டத்தில் டாக்டர் சொல்ல மறந்தாலும் நீங்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது?

அமெரிக்கா போக வேண்டியதில்லை. இந்த மருந்துகள் இங்கேயே கிடைக்கின்றன. அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் யூராலஜி பிரிவு எது என்று விசாரியுங்கள். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. கார்டு இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீசில் உள்ள மையத்தில் பதியலாம்.

ஆபரேஷன் முடிந்ததும் திருப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் திரும்பும். அந்த நேரத்தில்தான் சில மாதத்துக்கு ஒரு தடவை ரத்தமும் ஸ்கேனும் பார்ப்பார்கள். ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று அதைத் தள்ளிப்போடாமல், லீவு கிடைக்குமா என்று முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.